உங்க பழைய சிஸ்டம் ஏன் இப்படிக் கத்துது? ஒரு கூலிங் ஃபேன் பாடம்



நம்மில் பல பேர் வீட்ல ஒரு பழைய டெஸ்க்டாப் இன்னும் உயிரோடதான் இருக்கு. கோர் 2 டூவோ, முதல் தலைமுறை ஐ3யோ போட்ட மாடல். நாம லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டல் வந்துட்டோம். அந்த டெஸ்க்டாப் மட்டும் தங்கச்சிக்கு ஆன்லைன் மாடல் டெஸ்ட் எழுதவும், அப்பாவுக்கு ஈ.பி. பில் கட்டவும், பக்கத்து வீட்டு அண்ணனுக்கு டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன் போடவும் உழைச்சுக்கிட்டே இருக்கு. ஆனா ஆன் பண்ணினா ரைஸ் மில் ஓடுற மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் வந்ததும் வீட்ல பொதுவா ரெண்டு முடிவுதான் எடுப்பாங்க. "அது அப்படித்தான், விடு" என்பது ஒண்ணு. "இது போயிடுச்சு, புதுசுதான் வாங்கணும்" என்பது இன்னொண்ணு. முதல் முடிவால மெஷின் சூட்டுல கெட்டுப் போகலாம். ரெண்டாவது முடிவால இருபதாயிரம், முப்பதாயிரம் செலவாகலாம். நடுவுல மூணாவதா ஒரு வழி இருக்கு: ஒரு மணி நேரமும் ஒரு பெயின்ட் பிரஷும். இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

சத்தத்தைக் காய்ச்சல் மாதிரி நினைச்சுக்கோங்க. எதனால வந்ததுன்னு பார்த்துட்டுத்தான் மாத்திரை கொடுக்கணும். ஸ்க்ரூ டிரைவரை எடுக்குறதுக்கு முன்னாடி காதைக் கொடுங்க.

உள்ளே சுத்துறது என்னென்ன?

வீட்ல எல்லாரும் "சிபியு"ன்னு சொல்ற அந்தப் பெட்டிக்குள்ள பொதுவா சுத்துற சாமான்கள் இவ்வளவுதான்:

1. பிராசஸர் மேல ஹீட்சிங்க்கோட சேர்ந்த ஃபேன்.
2. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்குற ஃபேன்.
3. கேபினெட் பின்னாடி (சில கேபினெட்ல முன்னாடியும்) இருக்குற ஃபேன்.
4. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அதுல ஒரு சின்ன ஃபேன்.
5. ஹார்ட் டிஸ்க்.

அஞ்சாவதை மறக்காதீங்க. அது ஃபேன் இல்லை, ஆனா அதுவும் சுத்துது, அதுவும் சத்தம் போடும். சீரான இடைவெளியில "டிக்... டிக்... டிக்"னு சத்தம் வந்து, கூடவே சிஸ்டம் அப்பப்போ உறைஞ்சு நின்னா, ஃபேனைத் தொடவே வேண்டாம். அது ஹார்ட் டிஸ்க் சாகப்போற சத்தமா இருக்கலாம். முதல் வேலையா வீட்டு ஃபோட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி பண்ணுங்க. ஃபேன் போனா சில நூறு ரூபாய்ல வேற வாங்கலாம். பாட்டியோட கடைசி ஃபோட்டோ போனா எங்கேயும் வாங்க முடியாது.

ஃபேனுக்குள்ள என்ன நடக்குது?

நம்ம வீட்டு சீலிங் ஃபேன் மாதிரி இதுல இன்டக்ஷன் மோட்டார் கிடையாது. இது பிரஷ்லெஸ் டிசி மோட்டார், பெரும்பாலும் 12 வோல்ட்ல ஓடும். நடுவுல இருக்குற காயில்கள் அசையாது. இறக்கைகள் ஒட்டியிருக்கிற மூடிக்குள்ள வளையமா ஒரு காந்தம் இருக்கும், அதுதான் சுத்தும். காந்தம் இப்போ எந்த நிலையில இருக்குன்னு ஒரு ஹால் சென்சார் பார்த்துச் சொல்லும். அதுக்கேத்த மாதிரி காயில்கள்ல மின்னோட்டம் மாறி மாறிப் போகும்.

இதுல உராய்வினால தேயுற இடம் ஒண்ணே ஒண்ணுதான்: பேரிங். விலை குறைஞ்ச ஃபேன்கள்ல ஸ்லீவ் பேரிங் இருக்கும். நுண்ணிய துளைகள் உள்ள வெண்கலக் குழாய், அந்தத் துளைகளுக்குள்ள எண்ணெய். வருஷக்கணக்குல சூட்டுல இருந்து இருந்து அந்த எண்ணெய் கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் பிசின் மாதிரி கெட்டியாகும். அப்புறம் தண்டு குழாய்க்குள்ள ஆட்டம் போட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம்தான் நாம கேக்குற "கர்ர்ர்".

கொஞ்சம் விலை கூடின ஃபேன்கள்ல பால் பேரிங் இருக்கும். நீண்ட நாள் உழைக்கும், ஆனா தேய்ஞ்சதுக்கப்புறம் எண்ணெய் விட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. குண்டுகளோ அது ஓடுற பாதையோ பழுதாயிருந்தா மாத்தித்தான் ஆகணும்.

காதால கண்டுபிடிக்கலாம்

கேபினெட்டோட பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டி, சிஸ்டத்தை ஆன் பண்ணுங்க. ஒரு நோட்டுப் பேப்பரைக் குழல் மாதிரி சுருட்டி, ஒரு முனையைக் காதுல வெச்சுக்கோங்க. இன்னொரு முனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமாவும் காட்டுங்க. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரிதான். குழல் ஃபேனைத் தொடக் கூடாது. துப்பட்டா, நீள முடி, ஐடி கார்டு டேக் எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

இப்போ என்ன சத்தம்னு கேளுங்க.

"கட கட கட": ஏதோ ஒரு வயர் இறக்கையில இடிக்குது. வயரைத் தள்ளி ஒரு டேக் போட்டுக் கட்டினா முடிஞ்சது. செலவு பூஜ்யம்.

"கர்ர்ர்", அதுவும் காலையில ஆன் பண்ணினதும் அதிகமா இருந்து, பத்து நிமிஷத்துல குறைஞ்சா: ஸ்லீவ் பேரிங் எண்ணெய் கெட்டியாயிடுச்சு. சூடானதும் எண்ணெய் கொஞ்சம் இளகுது, அதான் சத்தம் குறையுது.

"உய்ய்ய்ங்"னு போகப் போக ஏறிக்கிட்டே போகுது: ஃபேன் நல்லாத்தான் இருக்கு. பிராசஸர் சூடாகுது, மதர்போர்டு ஃபேனை வேகமாச் சுத்தச் சொல்லுது. இங்க குற்றவாளி தூசியும் காய்ஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டும்தான்.

"ம்ம்ம்ம்"னு பெட்டியே முனகுது, கையால அமுக்கினா நிக்குது: தகடு அதிருது. ஸ்க்ரூவை இறுக்குங்க. இல்லேன்னா இறக்கைகள்ல ஒரு பக்கமா தூசி அப்பி பேலன்ஸ் போயிருக்கும். பேலன்ஸ் போனதால வர்ற விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதனாலதான் மெதுவா ஓடும்போது சும்மா இருந்த பெட்டி, வேகம் கூடினதும் ஆட்டம் போடுது.

இன்னும் சந்தேகமா இருந்தா நம்ம சிக்னல்ஸ் பாடத்தைக் கொஞ்சம் பயன்படுத்துவோம். ஃபோன்ல ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஆப் ஒண்ணு போடுங்க. 7 இறக்கை உள்ள ஃபேன் நிமிஷத்துக்கு 1800 தடவை சுத்துதுன்னா, நொடிக்கு 30 சுத்து. 30 × 7 = 210. ஸ்பெக்ட்ரத்துல 210 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு முகடு தெரியும். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கோ 120 ஹெர்ட்ஸ்ல நிக்கும், நகரவே நகராது. ஒரு கனமான புரோகிராமை ஓட்டினதும் எந்த முகடு வலது பக்கம் நகருதோ, அது ஃபேன். வேகம் எவ்வளவுன்னு பயாஸ்ல ஹார்ட்வேர் மானிட்டர் பக்கத்துல பார்க்கலாம். ஃபேனோட மூணாவது வயர் ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு பல்ஸ் அனுப்புது, அதை எண்ணித்தான் மதர்போர்டு இந்த நம்பரைக் காட்டுது.

தூசி ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கோர் 2 டூவோ இ7500 பிராசஸரோட டிடிபி 65 வாட். ஹீட்சிங்க்கோட வெப்பத் தடை ஒரு வாட்டுக்கு 0.5 டிகிரின்னு வெச்சுக்குவோம். 65 × 0.5 = 32.5. அதாவது ரூம் சூட்டை விட 32.5 டிகிரி அதிகம். ரூம் 25 டிகிரின்னா பிராசஸர் 57.5. இதுல ஒண்ணும் பிரச்சினை இல்லை.

இப்போ வேலூர்லயோ திருச்சியிலயோ மே மாசம், மத்தியானம் ரூமுக்குள்ள 38 டிகிரி. பிராசஸர் 70.5 ஆயிடுச்சு. இதுக்கு மேல ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல தூசி அடைச்சு, வெப்பத் தடை 0.8 ஆச்சுன்னா? 65 × 0.8 = 52. கூட 38. மொத்தம் 90 டிகிரி! இந்த நிலையில பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதலேன்னா சிஸ்டம் தானா ஆஃப் ஆயிடும்.

என் சித்தி வீட்ல இதேதான் நடந்தது. தங்கச்சி நீட் மாடல் டெஸ்ட் எழுத உட்கார்ந்தா, இருபது நிமிஷத்துல சிஸ்டம் ஆஃப். பக்கத்துல ஒரு கடையில காட்டினாங்க. திறந்துகூடப் பார்க்காம "மதர்போர்டு போயிடுச்சு, புது சிஸ்டம்தான்"னு சொல்லி கொட்டேஷனும் கொடுத்துட்டாங்க. சித்தி நகைச் சீட்டை முன்னாடியே எடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் லீவுக்குப் போனப்போ திறந்து பார்த்தா, பிராசஸர் ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல கம்பளி மாதிரி தூசி படிஞ்சிருக்கு. காத்து உள்ளே போக வழியே இல்லை. தூசியை எடுத்து, பேஸ்ட் மாத்தி, ஃபேனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். தங்கச்சி அன்னைக்கு சாயங்காலமே மூணு மணி நேர டெஸ்ட்டை முழுசா எழுதி முடிச்சா.

எல்லா மெஷினுக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல வரலை. சிலது உண்மையிலேயே மதர்போர்டு போயிருக்கும். ஆனா திறந்து பார்க்காம யாரும் அதைச் சொல்ல முடியாது.

சுத்தம் பண்ணலாம் வாங்க

தேவையானவை: ஸ்டார் முனை ஸ்க்ரூ டிரைவர், 1 இன்ச் பெயின்ட் பிரஷ் (புதுசா, காய்ஞ்சதா), பழைய டூத் பிரஷ், பஞ்சு அல்லது டிஷ்யூ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன டியூப், தையல் மெஷின் எண்ணெய். எலக்ட்ரானிக்ஸ் கடையில "ஐபிஏ"ன்னு கேட்டா ஆல்கஹால் கிடைக்கும்.

படி 1: சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டிடுங்க. சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணினா போதாது. அப்புறம் பவர் பட்டனை அஞ்சு நொடி அமுக்குங்க. உள்ளே மிச்சம் இருக்குற சார்ஜ் குறையும்.

படி 2: பெட்டியை மொட்டை மாடிக்கோ வராண்டாவுக்கோ எடுத்துட்டுப் போங்க. வர்ற தூசிக்கு ரூம் தாங்காது. மூக்குக்கு ஒரு கர்சீஃப் கட்டிக்கோங்க. எந்த பார்ட்டையும் தொடுறதுக்கு முன்னாடி, கேபினெட்டோட பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்க. உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் சார்ஜ் போயிடும்.

படி 3: திறந்த உடனே ஃபோன்ல ஒரு ஃபோட்டோ. எந்த வயர் எங்க இருந்ததுங்குற சண்டை அப்புறம் வராது.

படி 4: பிரஷால தூசியைத் தள்ளுங்க. புளோயர் வெச்சிருந்தா, ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு அடிங்க. இது முக்கியம். பிடிக்காம அடிச்சா ஃபேன் தாறுமாறான வேகத்துல சுத்தும். பேரிங் கெடும். அதோட, சுத்துற மோட்டார் ஜெனரேட்டர் ஆயிடும்னு இரண்டாம் வருஷத்துல படிச்சோம் இல்லையா? அந்த மின்னழுத்தம் மதர்போர்டுக்குப் போறது நல்லதில்லை.

படி 5: ஹீட்சிங்க்கைக் கழட்டணும்னா, இன்டெல் பழைய கூலர்ல நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் புஷ் பின் இருக்கும். மேலே போட்டிருக்கிற அம்புக்குறி திசையில கால் சுத்து திருப்பி மேலே இழுத்தா விட்டுடும். திரும்பப் போடும்போது நாலையும் பழைய நிலைக்குத் திருப்பிட்டு, எதிரெதிர் மூலையா அமுக்குங்க. ஒவ்வொண்ணும் "டிக்"னு சொல்லணும். ஒரு பின் சரியா உட்காரலேன்னாலும் பிராசஸர் சூடாகும். ஏஎம்டி சிஸ்டம்னா நேரா மேலே இழுக்காதீங்க. பேஸ்ட் காய்ஞ்சு ஒட்டியிருந்தா பிராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்துடும், அடியில பின்கள் வளைஞ்சிடும். கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, கூலரை மெதுவா இப்படியும் அப்படியும் திருப்பி எடுங்க.

படி 6: ஹீட்சிங்க்கைக் கழட்டினா பழைய பேஸ்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஆல்கஹால் தொட்டு ரெண்டு பக்கமும் துடைச்சிட்டு, நடுவுல ஒரு பட்டாணி அளவு புதுசு வைங்க. நிறைய வெச்சா நல்லா குளிரும்னு கிடையாது. ரெண்டு உலோகப் பரப்புக்கு நடுவுல இருக்குற நுண்ணிய இடைவெளியை நிரப்புறது மட்டும்தான் அதோட வேலை.

எண்ணெய் விடுறது எப்படி?

வயர் இல்லாத பக்கம் இறக்கை. வயர் வர்ற பக்கம் நடுவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை ஓரமா மெதுவா உரிச்சா, கீழே ஒரு சின்ன ரப்பர் மூடியோ, தண்டோட முனையோ தெரியும். அங்க தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. ரெண்டுன்னா ரெண்டுதான். கையால பத்து இருபது தடவை சுத்தி விடுங்க. வழிஞ்சதைத் துடைச்சிட்டு, மூடியைப் போட்டு, ஸ்டிக்கரை ஒட்டுங்க. எண்ணெய் பட்டு ஸ்டிக்கர் ஒட்டலேன்னா ஆல்கஹால் தொட்டுத் துடைச்சிட்டு ஒரு துண்டு டேப் போடலாம். ஸ்டிக்கருக்குக் கீழே முழுசா மூடின பிளாஸ்டிக் இருந்தா குத்திக் கிழிக்காதீங்க. அது எண்ணெய் விட முடியாத டைப்.

வீட்ல கண்டிப்பா யாராவது "தேங்காய் எண்ணெய் விடு"ன்னு சொல்வாங்க. வேண்டாம். அது கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆகித் தூசியைச் சேர்த்து வெச்சுக்கும். குளிர் காலத்துல உறையவும் செய்யும். டபிள்யூடி-40 ஸ்ப்ரேயும் இதுக்கு ஏத்தது இல்லை. ஈரத்தை விரட்டவும், துருப்பிடிச்சதை இளக்கவும்தான் அது நல்லா உதவும். பேரிங்குக்குள்ள நீண்ட நாள் நிக்கிற எண்ணெய் வேணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன்: எண்ணெய் விடுறது நிரந்தரத் தீர்வு இல்லை. தேய்ஞ்ச வெண்கலம் திரும்ப வளராது. சில மாசம் ஓடலாம், சில வருஷம் ஓடலாம். சத்தம் திரும்ப வந்தா ஃபேனை மாத்திடுங்க.

மாத்தணும்னா

கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

அளவு: ஃபேன் சட்டத்தோட ஒரு பக்கத்தை ஸ்கேல்ல அளங்க. 80, 92, 120 மில்லிமீட்டர் பரவலா கிடைக்கும். ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவுல அளந்தீங்கன்னா முறையே 71.5, 82.5, 105 வரும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பின்: மூணு பின்னா, நாலு பின்னா? மூணு பின்ல கிரவுண்ட், 12 வோல்ட், வேகம் சொல்ற டேக்கோ. நாலாவது பின் வேகத்தைக் கட்டுப்படுத்துற பிடபிள்யூஎம் சிக்னல். அது 25 கிலோ ஹெர்ட்ஸ்ல இருக்கும். நம்ம காது கேட்கக்கூடிய 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல வெச்சதால, அந்த ஸ்விட்ச்சிங் சத்தம் நமக்குக் கேக்காது. மூணு பின் ஃபேனை நாலு பின் சாக்கெட்ல போடலாம், சுத்தும். ஆனா போர்டுல வோல்டேஜ் முறைக் கட்டுப்பாடு இல்லேன்னா முழு வேகத்துலயே ஓடும்.

திசை: காத்து வெளியே வர்றது குறுக்குச் சட்டமும் ஸ்டிக்கரும் இருக்குற பக்கம். பின்பக்க ஃபேனைத் தலைகீழா மாட்டினா சூடான காத்தை வெளியே தள்ளாது, வெளிக் காத்தை உள்ளே இழுத்து எஸ்எம்பிஎஸ்ஸோட சண்டை போடும்.

சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. மத்த ஊர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலயே கிடைக்கும். பழைய ஃபேனைக் கையில எடுத்துட்டுப் போங்க, அதுதான் சிறந்த ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்.

வேகத்தைக் குறைக்கலாமா?

சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம், தாராளமா. பயாஸ்ல "ஸ்மார்ட் ஃபேன்" மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை எனேபிள் பண்ணுங்க. லினக்ஸ்னா எல்எம்-சென்சார்ஸ் போட்டா சூடும் வேகமும் டெர்மினல்லயே தெரியும்.

இதுல எவ்வளவு லாபம்னு ஃபேன் விதிகள் சொல்லுது. காத்தோட அளவு வேகத்துக்கு நேர் விகிதம். தேவைப்படுற பவர் வேகத்தோட கனத்துக்கு நேர் விகிதம். சத்தம் தோராயமா 50 × வேக விகிதத்தோட லாக். 2000 ஆர்பிஎம்ல இருந்து 1600க்கு இறக்கினா காத்து 20 சதவீதம்தான் குறையும். பவர் கிட்டத்தட்ட பாதியாகும். சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். ஆனா தூசியோட இருக்குற மெஷின்ல இதைப் பண்ணினா, அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குற கதைதான். முதல்ல சுத்தம், அப்புறம் வேகக் குறைப்பு.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீங்க

சத்தம் எஸ்எம்பிஎஸ்ல இருந்து வந்தா, வெளியிலிருந்து பிரஷால கிரில்லைச் சுத்தம் பண்ணுங்க. அதோட நிறுத்திக்கோங்க. 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை பண்ணினா உச்ச மதிப்பு 230 × 1.414, அதாவது சுமார் 325 வோல்ட். அந்த டிசி உள்ளே பெரிய கெபாசிட்டர்ல நிக்குது. பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கலாம். பிளீடர் ரெசிஸ்டர் இருக்கும்னு நம்பி விரலை விட வேண்டாம். பவர் எலக்ட்ரானிக்ஸ்ல நல்ல மார்க் வாங்கினவங்களுக்கும் இதே விதிதான். எஸ்எம்பிஎஸ் ஃபேன் போச்சுன்னா தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க, இல்லேன்னா யூனிட்டையே மாத்துங்க.

கடைசியா ஒண்ணு

ஆயுத பூஜைக்கு கேபினெட் மேல சந்தனமும் குங்குமமும் வெச்சு, ஒரு பூவும் போடுறோம். அடுத்த தடவை பொட்டு வைக்கிறதுக்கு முந்தின நாள், பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து உள்ளேயும் துடைச்சிடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அது ஞாபகத்துலயும் நிக்கும். மெயின் ரோடு பக்கமோ, மாவு மில் பக்கமோ வீடு இருந்தா பொங்கல் சமயத்துல இன்னொரு தடவை. பெட்டியைத் தரையில வைக்காம ஒரு பலகை மேல வெச்சு, பின்பக்கம் சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க. பூ மட்டும் ஃபேன் கிரில் பக்கம் வேண்டாம்!

சந்தேகம் இருந்தா தயங்காம நம்ம இதழுக்கு எழுதுங்க. எந்த மாடல், என்ன சத்தம், எப்போ வருதுன்னு சேர்த்து எழுதுங்க. அந்த மூணும் தெரிஞ்சாலே பாதி விடை கிடைச்ச மாதிரிதான்.